ஸ்டீயரிங் சக்கரத்தின் நடுக்கமும் அதன் காரணங் காணும் முறையும்

காஞ்சிமாநகரம் பட்டிற்கும் கோயில்களுக்கும் பெயர் பெற்றது என்பது யாவரும் அறிந்ததே. அந்நகரைச் சூழ்ந்த நாடோ சென்ற கால் நூற்றாண்டிற்குள் மோட்டார்த் தொழிலுக்கும் பெயர் பெற்றுவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு முதல் ஹூண்டாய்க் கார்கள் செய்யப்படுகின்றன. ஒரகடத்தில் வண்டிகளைச் சோதித்தறியும் பெரிய ஆராய்ச்சி நிலையமொன்று அமைந்துள்ளது. இத்துணை அருகில் இத்துணைக் கல்வி இருந்தும், “என் வண்டியின் ஸ்டீயரிங் ஏன் நடுங்குகின்றது?” என்று ஒருவர் வினவுவாராயின், முறைப்பட ஆராய்ந்து விடை கூறுவார் நம்மில் மிகச் சிலரே. அம்முறையை நம் கல்லூரி மாணவர்க்கு ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். பௌதிக நூலிற் படித்த ஊசலும் சுழற்சியும் உயிர் காக்கும் அறிவாக மாறுவதை இதனாற் காணலாம்.

நிகழ்ச்சி

என் நண்பர் ஒருவர் காஞ்சியிற் பிறந்தவர். அவர் தந்தையார் ஐம்பதாண்டுகள் தறியில் அமர்ந்து பட்டு நெய்தவர். நண்பர் பழைய ஜீப் வண்டி ஒன்றை விலைக்கு வாங்கி, ஏரிக்கரைப் பாதைகளிலும் பாலாற்றங்கரை மணலிலும் தடையின்றிச் செல்லும்பொருட்டு அதனை மாற்றியமைத்தார். முன்புற ஸ்பிரிங்குகளைத் தாங்கும் ஷாக்கிள் என்னும் தொங்கட்டைகளை இரண்டு அங்குலம் நீட்டினார். 28 அங்குலக் குறுக்களவுள்ள டயர்களைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயர்களைப் பூட்டினார். வண்டி கம்பீரமாக நின்றது. ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவை எட்டியதும் ஸ்டீயரிங் கையில் மெல்ல நடுங்கலாயிற்று.

பணிமனை ஒன்றில் காட்டினார். சக்கரங்களைச் சமன்செய்து அனுப்பினர். நடுக்கம் சற்றுக் குறைந்தது. சில வாரங்களில் வேறொரு துன்பம் தோன்றியது. பாதையிலுள்ள மேட்டின்மீது ஒரு சக்கரம் ஏறி இறங்கினால், அந்நொடி முதல் முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாகப் பேயாட்டம் ஆடின; வண்டியை ஏறத்தாழ நிறுத்தினாலன்றி அவ்வாட்டம் அடங்கவில்லை. மற்றொரு பணிமனையில் ஸ்டீயரிங் டாம்பர் என்னும் அதிர்வடக்கி ஒன்றைப் பொருத்தினர். ஆட்டம் முற்றும் மறைந்தது. நண்பர் மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சி ஒரு திங்களே நீடித்தது.

ஒருநாள் தந்தையாரையும், ஒப்படைக்க வேண்டிய சேலைக் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு பெங்களூர் நெடுஞ்சாலையிற் சென்னை நோக்கிச் செல்லுகையில், பாலத்தின் இணைப்பொன்றைச் சக்கரம் கடந்தது. ஸ்டீயரிங் கையினின்றும் பறித்துக்கொள்ளப்பட்டாற்போல இருபுறமும் அடித்தது. பின்னே சரக்கு லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. நல்வினைப் பயனால் வண்டி சாலையின் இடப்புறம் ஒதுங்கி நின்றது. எவர்க்கும் ஊறு நேரவில்லை. வெளிறிய முகத்துடன் நின்ற மகனைப் பார்த்துத் தந்தையார் கேட்டது இது: “துணியில் கோடு விழுந்தால் துணியையா தேய்ப்பது? தறியில் கடைசியாக எதைத் தொட்டாய்? முதலில் அதைச் சொல்.”

அவ்வினாவிலேயே ஆராய்ச்சி முறை முழுவதும் அடங்கியிருக்கின்றது. அஃது எங்ஙனமென்று காண்போம்.

இருவகை நடுக்கம்

ஸ்டீயரிங் நடுக்கம் யாவும் ஒன்றல்ல. ஊஞ்சலை ஒருவர் தள்ளத் தள்ள அது ஆடுகின்றது. தள்ளுதல் நின்றால் ஆட்டமும் மெல்ல அடங்கும். இது பிறிதொன்றால் ஊட்டப்படும் ஆட்டம். பிடில் வாசிப்பவரோ வில்லை ஒரே சீராகத்தான் இழுக்கின்றார். எனினும் தந்தி விடாது அதிர்கின்றது. வில்லின் சீரான இயக்கத்திலிருந்து தந்தி தானே ஆற்றலை எடுத்துக்கொண்டு தன் ஆட்டத்தை வளர்க்கின்றது. இது தன்னைத் தானே வளர்க்கும் ஆட்டம். நண்பரின் வண்டியில் முதலில் தோன்றியது ஊஞ்சலின் இனம். பின்னர்த் தோன்றியது பிடில் தந்தியின் இனம். இரண்டையும் ஒன்றென மயங்கியதே பிழைகளுக்கெல்லாம் முதற்பிழை.

ஊஞ்சல் இனத்து நடுக்கத்திற்குத் தள்ளுகின்ற கை யாது? பெரும்பாலும் சமனிழந்த சக்கரமே. சக்கரத்தின் ஒரு பக்கம் சிறிது கனத்திருப்பின், அக்கனம் சுழலுந்தோறும் அச்சை ஒருமுறை இழுக்கும். அவ்விழுப்பின் வலி விரைவின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வது. ஓர் எடுத்துக்காட்டு: ஏரி வண்டலில் ஓட்டிய வண்டியின் ரிம்மின் உட்புறத்தில் 200 கிராம் சேறு ஒரே இடத்தில் உலர்ந்து ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். அச்சின் நடுவிலிருந்து அதன் தொலைவு 8 அங்குலம். டயர் 31 அங்குலம். மணிக்கு 40 கிலோமீட்டரில் அச்சேறு ஏறக்குறைய 3 கிலோகிராம் எடைக்கு ஒப்பாக இழுக்கும். 80 கிலோமீட்டரிலோ 13 கிலோகிராம் எடைக்கு ஒப்பாக, ஒவ்வொரு நொடியிலும் ஒன்பது முறை இழுக்கும். ஒரு பிடி சேறு செய்யும் வேலை இது! இவ்வினத்து நடுக்கம் ஒரு குறித்த விரைவில் மிகுந்து, அதனைக் கடந்தாற் குறைவதும் உண்டு; ஏனெனில் சக்கரத்தின் சுழற்சி எண்ணிக்கை ஸ்டீயரிங் உறுப்புகளின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்து நிற்கும் விரைவில்தான் அது உச்சம் பெறும்.

தந்தி இனத்து ஆட்டத்தை ஆங்கிலேயர் ஷிம்மி என்பர். 1920-க்குப் பின் காற்றழுத்தம் குறைந்த அகன்ற டயர்கள் மோட்டார்களில் வழங்கத் தொடங்கியபோது இந்நோய் பரவிற்று. பிரான்சு நாட்டு எஞ்சினியராகிய புரூலியே என்பார் 1925-இல் இதனைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். முன்சக்கரம் இரண்டையும் ஒரே இரும்பு அச்சிற் பூட்டியிருப்பதே இதற்கு இடந்தருவது. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் ஒருபுறம் சாயும். விரைந்து சுழலும் பம்பரத்தை ஒரு திசையிற் சாய்த்தால் அது வேறொரு திசையில் திரும்ப முயல்வதை நாம் அறிவோம். அவ்வாறே சுழலும் சக்கரங்களும் அச்சுச் சாய்ந்தவுடன் ஒருபுறம் திரும்பும். திரும்பியவை மீண்டும் அச்சைச் சாய்க்கும். சாய்வு திரும்புதலை வளர்க்க, திரும்புதல் சாய்வை வளர்க்கும். இதற்கு வேண்டிய ஆற்றலை வண்டியின் முன்னோட்டமே தருகின்றது. ஆகவேதான் வேகம் தணிந்தாலன்றி இது தணிவதில்லை.

1930-க்குப் பின் முன்சக்கரங்களைத் தனித்தனியே தாங்கும் அமைப்பு கார்களிற் பரவியதற்கு இந்நோயை ஒழிக்கும் விருப்பமும் ஒரு காரணமாம். ஆயினும் கரடுமுரடான பாதையிற் செல்லும் வண்டிகளில் ஒற்றை அச்சு நீங்கவில்லை. 1941-இல் போர்க்களத்திற்கென வில்லிஸ் கம்பெனியார் செய்த ஜீப்பிலும், 1947 முதல் பம்பாயில் மகிந்திராவார் பூட்டிய ஜீப்புகளிலும், 1985-இல் வெளிவந்த மாருதி ஜிப்ஸியிலும் முன்புறம் ஒற்றை அச்சே. 2023-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஜிம்னியிலும் அவ்வாறே. ஆதலின் இப்பாடம் பழங்கதையன்று.

ஆராயும் முறை

முதற்படி, கருவியைத் தொடாமல் வினாவுதல். எந்த விரைவில் நடுங்குகின்றது? வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போதும் நடுங்குமாயின், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகளை நோக்குக. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்குமாயின், பிரேக் டிரம் அல்லது தட்டு ஒழுங்கிழந்ததோ என்று நோக்குக. ஒரு விரைவிற் பிறந்து மற்றொரு விரைவில் மறைவது சக்கரச் சமன் குறைவு. மேடு கண்டவுடன் பிறந்து நிற்காமல் வளர்வது ஷிம்மி.

நடுக்கத்தின் எண்ணிக்கையும் சான்று கூறும். 31 அங்குல டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.47 மீட்டர். 60 கிலோமீட்டர் விரைவில் அது நொடிக்கு 6.7 முறை சுழலும். அதனால் வரும் நடுக்கம் கையிற் கனத்து அடிப்பது. எஞ்சினின் ஆற்றலைப் பின்னச்சிற்குக் கொண்டுசெல்லும் சுழல்தண்டோ, வில்லிஸ் ஜீப்பின் 4.88 என்னும் பல்விகிதத்தின்படி, அதே விரைவில் நொடிக்கு 33 முறை சுழலும். அதனால் வருவது இருக்கையில் உணரப்படும் நுண்ணிய இரைச்சல் நடுக்கம். கடிகாரம் இன்றியும் கையும் உடலும் இவ்விரண்டையும் பிரித்தறியும்.

இரண்டாம்படி, “கடைசியாக எதை மாற்றினாய்?” என்னும் வினா. மாற்றுவதற்கு முன் இல்லாத நோய் மாற்றிய பின் வந்ததாயின், மாற்றமே முதற் சந்தேகத்திற்கு உரியது.

மூன்றாம்படி, கண்ணாலும் கையாலும் காணுதல். ரிம்மைக் கழுவிச் சேற்றை அகற்றுக. டயரில் வீக்கமோ, ஒருபக்கத் தேய்வோ உண்டா எனத் தடவிப் பார்க்க. பின்பு வண்டி நிலத்தில் நிற்கையில் ஒருவர் உள்ளே அமர்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக அசைக்க, மற்றொருவர் கீழே குனிந்து ஒவ்வோர் இணைப்பிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் நின்றிருத்தலும், வண்டியின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இட்டிருத்தலும் இன்றியமையாதன. டை ராடு முனைகள், டிராக் லிங்க் முனைகள், ஸ்டீயரிங் பெட்டியைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள், ஸ்பிரிங்கின் புஷ்கள் ஆகியவற்றுள் எது முதலில் அசையாமல் பின்னர் ‘டக்’ என்று அசைகின்றதோ, அதுவே தேய்ந்தது. பிறகு சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, தாங்கு கட்டைகளின்மேல் நிறுத்தி, மேலும் கீழும் பற்றி ஆட்டினால் வீல் பேரிங்கின் தளர்ச்சியும் கிங்பின்னின் தளர்ச்சியும் வெளிப்படும். கிங்பின் என்பது முன்சக்கரம் எந்த முளையைப் பற்றித் திரும்புகின்றதோ அம்முளை.

நான்காம்படி, அளத்தல். முன்சக்கரங்களின் முன்விளிம்பு இடைவெளி பின்விளிம்பு இடைவெளியைக் காட்டிலும் சிறிதே குறைந்திருக்க வேண்டும். வில்லிஸ் ஜீப்பிற்கு விதித்த அளவு 3/64 முதல் 3/32 அங்குலம். இதனினும் முதன்மையானது காஸ்டர் என்னும் சாய்வு. சைக்கிளின் முன்கவை கைப்பிடிப் பக்கம் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதை நோக்குக. அச்சாய்வினாலன்றோ கையை விட்டாலும் சைக்கிள் நேரே ஓடுகின்றது? ஜீப்பின் கிங்பின்னும் அவ்வாறே மேல்முனை பின்னோக்கி 3 பாகை சாய்ந்திருத்தல் வேண்டும்.

கண்ட உண்மை

நண்பரும் யானும் ஒரு விடுமுறையில் இம்முறைப்படியே ஆராய்ந்தோம். முதலில் அதிர்வடக்கியைக் கழற்றி ஒதுக்கினோம். சான்று கூற வந்தவனின் வாயைக் கட்டிவிட்டு வழக்கு விசாரித்தல் ஆகாதன்றோ? ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும், ஆளற்ற விடியற்காலைச் சாலையில், குறைந்த வேகத்திலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். ஒரே நேரத்தில் இரண்டைத் திருத்துவதில்லை என்பது எங்கள் உறுதி. இரண்டைத் திருத்தினால் நோய் எதனால் நீங்கிற்று என்பது தெரியாமற் போகும்.

இடப்பக்க ரிம்மினுள் உலர்ந்த சேறு இருந்தது. அதனை நீக்கி மீண்டும் சமன்செய்தவுடன் 60 கிலோமீட்டரில் தோன்றிய மெல்லிய நடுக்கம் ஒழிந்தது. ஆனால் மேட்டில் ஏறினால் வரும் ஆட்டம் அப்படியே இருந்தது. டை ராடின் ஒரு முனை தேய்ந்திருக்கக் கண்டு மாற்றினோம். ஆட்டத்தின் வீச்சுக் குறைந்தது, ஆட்டம் நீங்கவில்லை. இடப்பக்கக் கிங்பின் மிகத் தளர்ந்திருந்தது. சக்கரத்தைத் திருப்பும் கையில் வில்தராசை மாட்டி இழுத்தபோது தராசின் முள் ஏறக்குறைய அசையவே இல்லை. ஷிம் தகடுகளைக் குறைத்து இறுக்கினோம். ஆட்டம் முன்னினும் மிகுந்த விரைவில்தான் பிறந்தது, எனினும் பிறந்தது.

எஞ்சியது காஸ்டர். அதனை அளக்குமுன் கணக்கிட்டுப் பார்த்தோம். ஸ்பிரிங்கின் நீளம் ஏறத்தாழ 36 அங்குலம். அதன் பின்முனை சட்டத்தில் நிலையாகவும், முன்முனை ஷாக்கிளிலும் மாட்டப்பட்டிருந்தன. ஷாக்கிளை இரண்டு அங்குலம் நீட்டியதால் முன்முனை மட்டும் இரண்டு அங்குலம் தாழ்ந்தது; நடுவிலுள்ள அச்சு ஓர் அங்குலம் தாழ்ந்தது; வண்டி ஓர் அங்குலம் உயர்ந்தது. ஆனால் ஸ்பிரிங் முழுவதும் 36-க்கு 2 என்னும் அளவிற் சாய்ந்துவிட்டது. அச்சாய்வு 3 பாகைக்குச் சற்று மிகுதி. அச்சு ஸ்பிரிங்கோடு இறுகப் பிணிக்கப்பட்டிருத்தலால், கிங்பின்னும் அத்துணையே முன்னோக்கிச் சுழன்றது. கட்டியவன் கொடுத்த சாய்வு 3 பாகை. நண்பர் அறியாமல் எடுத்துக்கொண்டதும் 3 பாகை. மீதம் ஒன்றுமில்லை! பாகைமானியை வைத்து அளந்தபோது கணக்கும் அளவும் ஒத்திருந்தன.

ஓர் அங்குல உயரத்தை விலைக்கு வாங்கியவர், தானே நேரே ஓடும் தன்மையை விலையாகக் கொடுத்துவிட்டார். கனத்த பெரிய டயர்கள் பம்பர வலியை மிகுத்தன. தேய்ந்த இணைப்புகள் ஆட்டத்திற்கு இடம் விட்டன. இழந்த சாய்வு அதனை அடக்குவதற்குரிய துணையை நீக்கிற்று. அதிர்வடக்கி இவை யாவற்றையும் ஒரு திங்கள் மறைத்து வைத்திருந்தது. அத்திங்களில் இணைப்புகள் மேலும் தேய்ந்தன. தானும் தளர்ந்த பின்பு, பாலத்தின்மேல் அந்நோய் முழு வடிவில் வெளிப்பட்டது.

ஸ்பிரிங்கிற்கும் அச்சிற்கும் இடையே சரிவான ஆப்புத் தகடு வைத்துச் சாய்வை மீட்போரும் உளர். நண்பர் அதனை வேண்டாது, பழைய ஷாக்கிள்களையும் பழைய அளவு டயர்களையுமே மீண்டும் பூட்டினார். அதற்குப் பின் எந்த மேட்டிலும் ஆட்டம் தோன்றவில்லை. இம்முடிவு சட்டத்திற்கும் ஒத்தது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிற் கண்ட விவரங்கள் வண்டியைச் செய்தோர் முதலில் குறித்தவற்றினின்றும் மாறுபடுமாறு அதனை மாற்றலாகாது என்று விதிக்கின்றது. 2019-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. சட்டத்திற்கு அஞ்சி மட்டுமன்று, அச்சட்டத்தின் பின்னுள்ள 3 பாகையை அறிந்தும் நாம் அதனைப் போற்ற வேண்டும்.

ஓட்டுவோர்க்கு ஒரு சொல்

ஓடும் வண்டியில் இவ்வாட்டம் தோன்றினால் ஸ்டீயரிங்கோடு மல்லாடற்க. இரு கைகளாலும் உறுதியாகப் பற்றிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரினின்றும் காலை எடுத்துவிடுக. பிரேக்கைச் சடக்கென மிதியாமல் வேகம் தானே தணியுமாறு விட்டு, இடப்புறம் ஒதுங்கி நிறுத்துக. ஸ்டீயரிங்கின் உட்கம்பிகளுக்கிடையே பெருவிரலை நுழைத்துப் பிடியாதிருத்தல் நன்று. திடீரென்று அடிக்கும் சக்கரம் விரலை முறிக்கக்கூடும். நின்றபின், “அடங்கிவிட்டதே” என்று மீண்டும் விரைந்து செல்லற்க. அடங்கியது ஆட்டமேயன்றி அதன் காரணம் அன்று.

முடிவு

பட்டு நெய்வோர் துணியிற் குறை கண்டால் துணியை நோக்கி நிற்பதில்லை. விழுது அறுந்ததா, பாவு தளர்ந்ததா என்று குறை பிறந்த இடத்திற்குப் பின்னோக்கிச் செல்வர். குறை தோன்றும் இடம் ஒன்று. பிறக்கும் இடம் வேறொன்று. கையில் உணர்ந்த நடுக்கம் நண்பரின் பகையன்று, எச்சரிக்க வந்த தூதனாகும். அத்தூதனை அதட்டி அனுப்பிவிட்டால் செய்தி வேறு வழியில், வேறு உருவில் வந்தே தீரும்.

ஆகவே மாணவ நண்பர்களே, நடுக்கத்தை அடக்குமுன் அதன் மொழியைக் கேளுங்கள். கடைசியாக எதைத் தொட்டோம் என்று எண்ணுங்கள். ஒன்றைத் திருத்தி ஒன்றைச் சோதியுங்கள். ஊகிக்கக் கூடியதையும் அளந்து பாருங்கள். நண்பரின் தந்தையார் இப்பொழுதும் அவ்வண்டியில் அமர்ந்து சென்னைக்குச் சேலை கொண்டு செல்லுகின்றார். ஒவ்வொரு பாலத்தின் இணைப்பைக் கடக்கும்போதும் மகனின் கைகளைப் பார்க்கின்றார். அவை அசையாதிருக்கக் கண்டு, சன்னல் வழியே வயல்களை நோக்கத் திரும்புகின்றார்.